நைனாவுக்குக் கேட் மூடிய நாள்

பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றிருந்தேன். காலை பாசஞ்சர் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு தன் கொடியை ஆட்டினார், நானும் ஆட்டினேன். அந்த நேரத்தில்தான் பின்னால் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. அது யாரையும் கூப்பிடுகிற குரல் இல்லை.

கொடியைச் சுருட்டவில்லை. ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடினேன். கேட்டுக்கும் வீட்டுக்கும் இருபது தப்படிதான். வாசலில் அத்தை இரண்டு கைகளையும் நிலைப்படியில் ஊன்றி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். என் அப்பாவின் அக்கா, என்னைவிட ஒரு சாண் குள்ளம். ஆனாலும் அன்றைக்கு அவளைத் தாண்ட முடியவில்லை.

"உள்ள வராத. அங்கியே நில்லு."

"நைனாவுக்கு இன்னா ஆச்சி?"

"வவுத்துல புள்ளய வெச்சிகினு இங்க வரக்கூடாது. போ அந்தாண்ட."

வேறு எதுவும் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

போன வாரம் என் வளைகாப்பைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "இதே சந்தோஷத்தோடு மேலே கொண்டு போங்கள் அம்மா" என்று எழுதியிருக்கிறாள். கொண்டு போக எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வளையல் அடுக்கிய பன்னிரண்டாம் நாள் நைனா போய்விட்டார். நான் என்ன செய்ய?

உட்காராத மனுஷன்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து முக்கால் மைல் தள்ளி இருந்தது எங்கள் கேட். ஒரு பக்கம் ஏரிக்கரை, சுடுகாடு, கள்ளிக்குப்பம் போகிற வண்டிப்பாதை. இன்னொரு பக்கம் வயல். கேட்டை ஒட்டி ஓர் ஆள் உட்காரத் தகரக் கூரை போட்ட கூண்டு. அதற்குப் பின்னால் நாங்கள் இருந்த ஓர் அறை வீடு. ரயில்வே கொடுத்தது.

நைனா ஒரு வேளைச் சோற்றை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து முடித்து நான் பார்த்ததில்லை. இரண்டு கவளம் போகும், காதைத் தீட்டுவார், எழுந்துவிடுவார். அம்மா தட்டின்மேல் முறத்தைக் கவிழ்த்து வைப்பாள். "என்ன கட்டிகினதுக்கு இந்த ரயில கட்டிகினு இருக்கலாம்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய்க் கேட்டை இழுப்பார். மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நின்றாலும் சரி, பிரசவ வண்டி வந்து நின்றாலும் சரி, மூடினது மூடினதுதான். ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டியிருப்பார்கள்.

வண்டி வருவது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆவடிப் பக்கமிருந்து வருகிற வண்டிக்கு ஸ்டேஷனில் கைகாட்டியை இறக்குவார்கள் இல்லையா? அதை இழுக்கிற கம்பி தண்டவாளத்தை ஒட்டி, சின்னச் சின்னச் சக்கரங்களின்மேல் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகும். அங்கே அவர்கள் இழுத்தால் இங்கே கம்பி நகரும், சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஓட்டுக் கூரைமேல் மழை கொட்டினாலும் அந்தச் சக்கரத்தின் கிறீச்சு நைனாவின் காதில் விழுந்துவிடும். யுத்தம் வந்து பட்டாபிராம் சைடிங்குக்கு மிலிட்டரி வண்டிகள் நேரங்காலம் இல்லாமல் ஓட ஆரம்பித்த பிறகு, அவர் நம்பியது அந்தக் கம்பியை மட்டும்தான்.

எனக்கு அவர் இரண்டு விஷயம் சொல்லிவைத்திருந்தார். கம்பியைப் பார். கடைசிப் பெட்டி தாண்டுகிறவரை ரயிலுக்கு முதுகைக் காட்டாதே. சின்ன வயதில் இரண்டாவதைக் கேட்டு நான் சிரிப்பேன், ரயில் என்ன சாமியா என்று. "எதாவது தொங்கிகினு வரும், எவனாவது உழுந்து கெடப்பான். பாக்க ஆளு வேணாமா?" என்பார்.

அவருடைய அந்த இருப்புக்கொள்ளாமை அப்படியே எனக்கு வந்திருக்கிறது. இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து போய் வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, வாசலில் யாரும் இல்லை. சும்மாதான்.

கடைசியாகச் சொன்னது

மூன்று நாளாக அவருக்கு ஜுரம். ஸ்டேஷனில் சொல்லி மாற்று ஆள் கேட்கலாம் என்று அம்மா தலையால் அடித்துக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே எங்களை ஏவினார். அம்மாவும் நானும் மாறி மாறிக் கேட்டைப் பார்த்துக்கொண்டோம்.

அன்று காலையில் நான் அவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அரை டம்ளர்கூடக் குடிக்கவில்லை.

"போ, வண்டி வருது."

"ஒரு வாய் குடி நைனா."

"கம்பி அசையுது. போடி."

"போறேன், போறேன். உசுர வாங்காத."

டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. அதனால்தான் அன்று முழுக்க எனக்கு ஒரே ஒரு வெறி இருந்தது. அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். மன்னிப்பு என்றெல்லாம் அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் அப்போது சட்டம் மாதிரி. பார்த்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. பெற்ற தகப்பனாக இருந்தாலும் கிடையாது. இப்போது சொன்னால் என் பேத்திகள் சிரிக்கிறார்கள். அத்தை சிரிக்கிற விஷயமாக அதை நினைக்கவில்லை. அவளுடைய முதல் பிள்ளை தங்கவில்லை, அதற்கு அவள் ஏதோ ஒரு சாவு வீட்டைக் காரணமாக மனசில் வைத்திருந்தாள். அதனால் அவள்மேல் எனக்குக் கோபம் வந்ததே தவிர, அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை. வயிற்றில் இருந்ததும் அந்த நேரம் பார்த்து உதைத்துக்கொண்டிருந்தது.

ஜுரம் என்று சொன்னேன்

தண்டவாளம் செப்பனிடுகிற கேங் மேஸ்திரி, நைனாவுக்குப் பழைய சிநேகிதர், சேதி கேட்டு வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்டேஷனில் சொல்லி மத்தியானத்துக்குள் மாற்று ஆளைக் கொண்டுவருவதாகவும், அப்படியே கள்ளிக்குப்பத்தில் உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வருவதாகவும் சொன்னார். காட்டுப்பாக்கத்தில் இருந்த என் புருஷனுக்கும் ஆள் அனுப்பினார், அவர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

"அது வரைக்கும் நீ பாத்துக்கிறியாம்மா?"

"எனக்கு வேற இன்னா வேல? ஊட்டுக்குள்ளதான் உட மாட்டேங்கிறாங்களே."

அவர் போனதும் நான் நடக்க ஆரம்பித்தேன். கேட்டிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து கேட். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, அதற்கும் அத்தை சாக்கைத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. குளிப்பாட்டுகிறார்கள். சொம்பு குடத்தில் இடிக்கிற சத்தத்தைக்கூட எண்ணிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, ஒரே ஒரு தரம். தூரமா நின்னு பாக்குறேம்மா."

உள்ளே சொம்புச் சத்தம் நின்றது. பிறகு அம்மா பேசினாள். அழுத குரல் இல்லை, களைத்த குரல்.

"நீ கேட்டப் பாரு. அவுருக்கு அது போதும்."

எனக்குப் போதவில்லையே! சுவரை உதைத்தேன். கால்தான் வலித்தது.

அப்போது ஆவடிப் பக்கமிருந்து டிராலி வந்தது. நாலு பேர் தள்ள, மேலே குடையின்கீழ் இன்ஸ்பெக்டர் துரை. ஓடிப்போய்க் கொடியைப் பிடித்தேன். துரை டிராலியை நிறுத்தச் சொன்னார். என்னையும் என் வயிற்றையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேட்மேன் எங்கே?"

இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. வாயைத் திறந்தேன், வேறு ஒன்று வந்தது.

"ஜுரமா படுத்துகினு கீறாருங்க."

"எத்தனை நாள்?"

"மூணு நாளாங்க. இப்பதான் கண் அசந்தாரு."

சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகப் பட்டது. உள்ளே அவர் கட்டிலில் படுத்திருக்கிறார், சத்தம் போட்டால் எழுந்துவிடுவார் என்பதுபோல நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

துரை தகரப் பெட்டியைத் திறந்து ஜுரத்துக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை ஆறு எண்ணி என் கையில் போட்டார். வேளைக்கு ஒன்று, நிறையத் தண்ணீர் என்றார். நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். டிராலி அம்பத்தூர்ப் பக்கம் போய் மறைந்தது. மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது.

மேஸ்திரியின் கோபம்

மத்தியானம் சாய்ந்த பிறகு மேஸ்திரி திரும்பி வந்தார். வெயிலில் நடந்து முகம் கறுத்திருந்தது.

"துரைகிட்ட இன்னாம்மா சொன்ன நீ?"

முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஆளு செத்துட்டான்னு சொல்லிட்டு கள்ளிக்குப்பம் போறேன். பின்னாலயே துரை போயி, இல்லய்யா, ஜுரந்தான், அந்தாளு பொண்ணே சொல்லிச்சின்னுட்டாரு. மாத்தாளு வந்தவன வேற கேட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப போயி கேட்டா, ஸ்டேஷன் மாஸ்டரு என்ன ஒரு மாதிரியா பாக்குறாரு. துரை போயாச்சி. ஆளு நாளைக்குத்தான். ஏம்மா அப்டி சொன்ன?"

"நான் இன்னும் பாக்கலையே அண்ணாத்தே."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். அந்தப் பதிலுக்கு அவரிடம் கோபம் மிச்சம் இல்லை.

சுருக்கமாக ஏற்பாடு செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் அத்தை மகன் கொள்ளி வைப்பது. தூக்குவதற்கு மேஸ்திரியும் கேங் ஆட்கள் மூன்று பேரும். நாலு மணி வண்டி போய்விட்டால் ஆறு மணி வரை ஒன்றும் இல்லை, அந்த இடைவெளியில் தண்டவாளத்தைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போய்விடலாம் என்று மேஸ்திரி கணக்குப் போட்டார். கேட் திறந்தே இருக்கும். நான் மட்டும் கண்ணில் படக் கூடாது.

அத்தையே என்னைக் கூண்டுக்குள் உட்காரவைத்தாள். ரோட்டுப் பக்கம் முதுகு, பின்சுவரைப் பார்த்து முகம்.

"மோளச் சத்தம் அந்தாண்ட போற வரைக்கும் திரும்பாத. என் மேல ஆண."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். அதனால்தான் அவளை முழுசாக வெறுக்க என்னால் முடிந்ததே இல்லை.

சக்கரம் சுற்றியது

நாலு மணி வண்டிக்கு மேஸ்திரியே கேட்டை மூடித் திறந்தார். மேளம் ஆரம்பித்தது. அம்மாவின் குரல் அப்போதுதான் முதல்முறையாக வெடித்தது. தகரக் கூரை அதிர்கிற சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். பின்சுவரில் காற்றுக்காக விட்ட ஓட்டை ஒன்று இருந்தது. வேறு பார்க்க எதுவும் இல்லாததால் அதன் வழியாகத் தண்டவாள ஓரத்தைப் பார்த்தேன். காய்ந்த புல், சரளைக்கல், கம்பி, சக்கரம்.

சக்கரம் சுற்றியது.

மனப்பிரமை என்று நினைத்தேன். இல்லை, கம்பி நகர்ந்து நின்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஆவடியிலிருந்து ஏதோ வருகிறது. மிலிட்டரி வண்டி. மேஸ்திரியின் கணக்கில் இல்லாத வண்டி. வெளியே மேளம் அடிக்கிற அடியில் ஊதல் யாருக்கும் கேட்காது. நாலு பேர் தோளில் சுமையோடு, தலையைக் குனிந்துகொண்டு, நேராகத் தண்டவாளத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

யோசிக்க நேரம் இருந்திருந்தால் பயந்திருப்பேன். கதவை உதைத்துத் திறந்து கொடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதலில் எதிர்ப்பக்கத்துக் கதவை இழுத்து மாட்டினேன். அந்தப் பக்கம் ஒரு வைக்கோல் வண்டி வந்து நின்றது. திரும்பி ஓடி வந்து இந்தப் பக்கத்துக் கதவைப் பிடித்தேன். பாடை எட்டடி தூரத்தில் இருந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டேன், சத்தியமாகப் பார்க்கவில்லை.

"நில்லுங்க! வண்டி வருது! நில்லுங்க!"

"வண்டி இல்லம்மா, நவுரு!" என்றார் மேஸ்திரி.

"கம்பி அசைஞ்சிச்சி! நில்லுங்க!"

இரும்புக் கதவை அவர்கள் முகத்துக்கு நேராக இழுத்துச் சாத்தினேன். மேளம் ஒவ்வொன்றாக நின்றது. அப்போது எல்லோருக்கும் கேட்டது, வளைவில் எஞ்சின் ஊதியது. மேஸ்திரி "ஐயோ" என்று மட்டும் சொன்னார்.

நான் ரயிலைப் பார்த்துத் திரும்பிக் கொடியை நீட்டினேன். எஞ்சின் என்னைத் தாண்டியது. பின்னால் தார்ப்பாய் போர்த்திய வண்டிகள், வெறும் வண்டிகள், மறுபடி தார்ப்பாய். மெதுவாகத்தான் போனது, முடிகிற வழியாக இல்லை. பின்னால் மேஸ்திரி மற்றவர்களிடம் பேசுவது கேட்டது. தோள் தாங்கவில்லை, பாதி வழியில் தரையில் வைக்கவும் கூடாது, இடுப்பளவுக்கு இறக்கிக் கையில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். மூங்கில் முனகியது. இப்போது நைனா எனக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

திரும்ப வேண்டும் என்று முதுகெல்லாம் துடித்தது. திரும்பவில்லை. கடைசிப் பெட்டி தாண்டவில்லையே! அழுதுகொண்டே ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். ஒன்றும் தொங்கவில்லை, யாரும் விழவில்லை. கார்டு பச்சைக் கொடியை ஆட்டினார். பாடையைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, தொப்பியைக் கழற்றினார். நான் பதிலுக்கு ஆட்டினேன்.

பிறகு திரும்பினேன்.

"திரும்பாதடி! பாவி, திரும்பாத!" என்று வீட்டு வாசலிலிருந்து அத்தை கத்தினாள்.

பார்த்தேன். நெற்றியில் காசு. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. மூன்று நாள் தாடியைச் சிரைத்துவிட்டிருந்தார்கள், கன்னம் ஒட்டிப்போய் வேறு யாரோபோல இருந்தது. கட்டைவிரல் மட்டும் அவருடையதாக இருந்தது. லாந்தர்த் திரியைத் திருகித் திருகி நகக்கண்ணில் ஏறின கரியை அத்தனை குடம் தண்ணீரும் எடுக்கவில்லை. கதவுக் கம்பிக்கு நடுவே கையை விட்டு அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. ஜுரம் இல்லை. ஜுரம் இனி இல்லை.

"போறேன் நைனா," என்றேன். காலையில் சொன்ன அதே வார்த்தை. இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொன்னேன். யாரும் என்னை இழுக்கவில்லை. மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேரமாவுதும்மா. தொற."

கேட்டைத் திறந்தேன். மறுபடி தோளுக்கு ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார்கள். மேளம் ஏரிக்கரைப் பக்கம் திரும்பிச் சின்னதாகிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு அத்தை என்னிடம் ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. பிள்ளை பிறந்ததும் விரலையும் காதையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். அந்தப் பிள்ளை இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறாள், கோபத்தைத் தவிர ஒரு குறையும் கிடையாது. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

எதிர்ப்பக்கத்தில் நின்ற வைக்கோல் வண்டி மெதுவாகத் தண்டவாளத்தில் ஏறி இந்தப் பக்கம் வந்தது. வண்டிக்காரர் வெளியூர் ஆள், பூந்தமல்லிப் பக்கம் போகிறவர். என் பக்கத்தில் வந்ததும் மாட்டை நிறுத்தித் தலைத்துண்டை எடுத்தார்.

"யாரும்மா போறது?"

துரையிடம் வராத வார்த்தை இப்போது வந்தது.

"எங்க நைனாங்க. கேட்காரரு. செத்துட்டாரு."

"அடப்பாவமே." பிறகு கூண்டை எட்டிப் பார்த்தார். "அப்ப கேட்ல இப்ப ஆளு யாரு?"

"நான் கீறேன்," என்றேன். "எந்த நேரத்துல ரயிலு வருமோ, வண்டிய சீக்கிரம் அந்தாண்ட ஓட்டுங்க."